பிலிம் டப்பிக்குள் வந்த திப்பிலி

நேர்ஸ் அந்தத் திப்பிலியை இரண்டு விரலால் எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செத்த புழுவைப் பார்க்கிற முகம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திப்பிலியை முதன்முதலாகப் பார்க்கிற எவருக்கும் அது அப்படித்தான் தெரியும். கறுப்பாய், சுருங்கி, மேலெல்லாம் சொரசொரப்பாய் இருக்கும்.

"வாட் இஸ் திஸ்?" என்று கேட்டார்.

அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். திப்பிலிக்கு ஆங்கிலத்தில் பேர்தான் தெரியாது. நான் என் மகள் யசோவைப் பார்த்தேன். யசோ தன் புருசன் ரவியைப் பார்த்தாள். ரவி பிரிட்ஜைப் பார்த்தார்.

யசோவுக்குப் பிள்ளை பிறந்து அன்று ஐந்தாம் நாள். பிள்ளையை நிறுத்துப் பார்க்கவும் தாயின் சுகத்தை விசாரிக்கவும் வீட்டுக்கு வந்த நேர்ஸ் அவர். நல்ல மனுசி. சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குசினி மேசையில் நான் சரக்குகளைப் பரப்பி வைத்திருந்ததைக் கண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாவற்றுக்கும் யசோ ஆங்கிலத்தில் பெயர் சொன்னாள். வேர்க்கொம்புக்குக் கொஞ்சம் யோசித்து, காய்ந்த இஞ்சி என்று சொன்னாள். நேர்ஸ் தலையாட்டிக்கொண்டே வந்தார். திப்பிலியில் வந்து நின்றுவிட்டார்.

"இற்ஸ் எ ரமில் திங்," என்றார் ரவி, இது தமிழ்ச் சாமான் என்று.

நேர்ஸ் சிரித்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். யசோ எனக்குச் சொன்னாள்:

"பால் குடுக்கிற தாய் பேர் தெரியாத மருந்து ஒண்டும் சாப்பிட வேண்டாமாம். பேரைக் கண்டுபிடிச்சுப் போன் பண்ணினால், தான் விசாரிச்சுச் சொல்லுறாவாம்."

"மருந்தில்லை எண்டு சொல்லு பிள்ளை. கறிக்குப் போடுறது."

"நேற்று நீங்கள்தானே அம்மா மருந்து எண்டனீங்கள்."

அதுவும் உண்மை. அது மருந்தா சாப்பாடா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது.

நேர்ஸ் போன பிறகு யசோ, "உதை விட்டிட்டு மற்றதுகளைப் போட்டுக் காய்ச்சுங்கோவன்," என்றாள்.

"திப்பிலி போடாட்டில் அது சரக்கே இல்லை. வெறும் மிளகுத் தண்ணி."

"அப்ப பேரைக் கண்டுபிடியுங்கோ. இல்லாட்டில் எனக்குச் சூப் காணும்."

பேணியில் அடைத்து விற்கிற சூப்பைத்தான் சொன்னாள்.

போன கிழமை இந்தப் பத்திரிகையின் வாசகி ஒருத்தி, நான் இதில் எழுதுகிறவற்றில் முன்னது பின்னதாகவும் பின்னது முன்னதாகவும் கிடக்கிறது என்று கடிதம் போட்டிருக்கிறா. சரியான பேச்சு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதோடு, நடந்தபோதே குழம்பிக் கிடந்ததை எழுதும்போது எப்படி நேராக்குவது என்றும் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதை அப்படியான ஒன்று.

ஐஸ் தண்ணீர்

நான் கனடாவுக்கு வந்ததே யசோவின் பிள்ளைப்பேறு பார்க்கத்தான். ரவிக்குத் தாய் இல்லை. அவர் காலையில் ஒரு பாக்டரி, பின்னேரம் இன்னொரு பாக்டரி. பெற்றவளுக்குச் சுடுதண்ணீர் வார்த்து, சரக்குக் கறி கொடுத்து, முப்பத்தொராம் நாள் பிள்ளைபெற்ற தீட்டான துடக்கைக் கழித்துவிட்டால் என்னுடைய வேலை முடிந்தது. அதற்காகத்தான் ரிக்கற் அனுப்பி எடுப்பித்தார்கள்.

வேறு ஒன்றுக்கும் நான் உதவமாட்டேன் என்பது வந்த முதல் கிழமையே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரெலிபோன் அடித்தால் எடுக்க மாட்டேன். லிப்ற்றில் தனியாக ஏற மாட்டேன். ரொறன்ரோவின் ஸ்காபரோவில், வோபர்ன் பக்கத்தில் பதினொராம் மாடியில் இருந்தது வீடு. யன்னலால் கீழே பார்த்தால் கால் கூசும்.

சரக்கு என்று நாங்கள் சொல்வது பெற்ற தாய்க்கு அரைத்துக் கொடுக்கிற கூட்டு. முன்னே சொன்ன சாமான்களை அரைத்து, மீனோ கோழியோ போட்டுக் காய்ச்சுவது. மிளகாய்த்தூள் துளியும் சேராது. அது வயிற்றுப்புண்ணை ஆற்றும், பாலை ஊறச் செய்யும், உடம்பில் ஏறின குளிரை இறக்கும் என்பார்கள். 'என்பார்கள்' என்று இப்போது எழுதுகிறேன். அந்த நாளில் எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. கடுதாசிக் கோப்பையில் ஐஸ்கட்டி மிதக்க மிதக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். யசோ அதை ஒரே மூச்சில் குடித்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளை, பச்சை உடம்புக்குள்ளை குளிர் போகுது."

"இஞ்சை எல்லாரும் குடிக்கிறவை அம்மா. ஒருத்தரும் சாகேல்லை."

அந்தக் குளிரை எடுக்கத் திப்பிலி ஒன்றால்தான் முடியும் என்று அங்கேயே நின்று தீர்மானித்தேன். நாளுக்கு நாள் அந்தக் குளிர் எலும்புக்குள் இறங்குவதாக எனக்குப் பட்டது. யசோ சூப்பைக் குடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறாளே, அப்போது நான் இருக்க மாட்டேனே என்று நினைத்தேன்.

என்னிடம் இருந்த திப்பிலியோ ஒரு பிடிதான். நான் வெளிக்கிட்ட காலத்தில் சண்டையால் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வருவது அருமை. சரக்குக் கடைக்காரர் போத்தலைக் கவிழ்த்துத் தட்டி அடியில் கிடந்ததைத் தந்தார். பாஸ்போட்டுக்குப் படம் பிடித்த ஸ்ரூடியோவில் கேட்டு வாங்கின கறுப்புப் பிலிம் டப்பி ஒன்றுக்குள் அதைப் போட்டு இறுக்கி மூடினேன். ரொறன்ரோ விமான நிலையத்தில் அதிகாரி என் சூட்கேசில் இருந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் அவிழ்த்தார். மிளகுப் பொட்டலத்தில் தும்மினார். பிலிம் டப்பியைத் தொடவில்லை. கலியாணப் படம் ஏதும் என்று நினைத்திருப்பார்.

எதிர் வீட்டு மலர்

ரவி ஸ்காபரோவில் இருந்த தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் கேட்டார். அப்போது இப்போது போல மூலைக்கு மூலை கடை இல்லை. திப்பிலி ஒருவரிடமும் இல்லை. ஆங்கிலத்தில் என்ன பேர் என்று கேட்டதற்கு ஒரு கடைக்காரர், "திப்பிலிக்குத் திப்பிலிதான் தம்பி. அதுக்கேன் இங்கிலீசு?" என்றாராம். வீட்டில் இருந்த சின்ன அகராதியில் அந்தச் சொல்லே இல்லை.

எட்டாம் நாள் பின்னேரம் எதிர் வீட்டு மலர் பிள்ளை பார்க்க வந்தா. நாற்பது வயது இருக்கும். நகரத்தின் நடுவில், பழங்காலப் பொருட்கள் வைத்திருக்கிற ஒரு பெரிய காட்சிச்சாலையில் துப்புரவு வேலை. வாய் ஓயாது. நான் பேசாமல் இருப்பதற்கும் சேர்த்து அவ பேசுவா. அதனாலேயே எனக்கு அவவைப் பிடிக்கும்.

மேசையில் டப்பி திறந்து கிடந்தது. மலர் எட்டிப் பார்த்தா.

"அக்கா, உதை நான் கண்டிருக்கிறன்."

"எந்தக் கடையிலை?"

"கடையிலை இல்லை. வேலை செய்யிற இடத்திலை. மேசையிலை கோப்பை கோப்பையாய் வைச்சு, மேலை லைற்றும் போட்டிருக்கிறாங்கள். சனம் தொட்டு மணந்து பாக்கிறதுக்கு. முன்னாலை பேரும் எழுதிக் கிடக்கு."

"திப்பிலிக்கு லைற்றோ?"

"மிளகுக்கும் லைற். கறுவாப்பட்டைக்கும் லைற். அறுநூறு எழுநூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரச் சனம் எப்பிடிச் சீவிச்சது, என்ன யாவாரம் செய்தது எண்டு காட்டுறாங்கள்."

"அதுக்கு ஏன் எங்கடை சரக்கு?"

"அதை நான் எங்கை வாசிச்சன்? நான் நிலம் துடைக்கிறவள்."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. ரவி வீட்டில் நிற்பார். மலர் என்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றா. தனியாக லிப்ற்றில்கூட ஏறாதவள் நான். அதோடு இன்னொரு யோசனையும் வந்தது.

"துடக்கு வீட்டுக்காரி எல்லோ நான். அங்கை சாமி ஏதும் இருக்குமோ?"

"இருக்கு. மேல் மாடியிலை நிறையச் சாமி. எல்லாம் கண்ணாடிக்குள்ளை. பூசையும் இல்லை, உங்களை மறிக்க ஐயரும் இல்லை. வாருங்கோ."

பெரிய தீவு

பஸ்சில் ஏறி, சப்வேயில் மாறிப் போனோம். சீலைக்கு மேல் ரவியின் குளிர்க் கோட்டைப் போட்டிருந்தேன். அதன் கை நீளம். என் விரல் நுனி மட்டும் வெளியே தெரியும். பனி கரைந்து, தெருவோரத்தில் அழுக்காகக் கிடந்த காலம். டப்பி கோட்டுப் பொக்கற்றுக்குள் இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்து வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றை எடுத்து, அது வழியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து முழுவதையும் எடுத்துப் போனேன். என் யோசனை எப்போதும் இப்படித்தான் போகும்.

மலர் பக்கக் கதவால் கூட்டிக்கொண்டு போனா. உள்ளே குளிராகவும் அரை இருட்டாகவும் இருந்தது. ஒரு கண்ணாடிக்குப் பின்னால் பழைய உலகப் படம். மலர் விரலை வைத்தா.

"பாருங்கோ அக்கா, எங்கடை நாடு."

இந்தியாவுக்குக் கீழே ஒரு பெரிய சோற்றுத் தட்டு மாதிரி எங்கள் தீவு. இந்தியா அதற்குப் பக்கத்தில் ஒடுங்கிப்போய்க் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் நான் கண்ட படத்தில் அது ஒரு கண்ணீர்த்துளி அளவு.

"யாழ்ப்பாணம் எங்கை?"

"அதைக் கீறேல்லை."

இவ்வளவு பெரிதாகக் கீறினவன் யாழ்ப்பாணத்துக்கு ஒரு புள்ளி வைக்க ஏன் இடம் காணவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்ததாக ஒரு சின்ன மரப்பெட்டி இருந்தது. இரும்புப் பூட்டுப் போட்டது. வீட்டுக்காரி மிளகு, கறுவா, கராம்பு எல்லாவற்றையும் அதற்குள் பூட்டி, திறப்பை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவாவாம். மலர் ஒருநாள் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டு வைத்திருந்தா.

"மிளகைப் பூட்டி வைச்சிட்டு ரசம் வைக்கிறது எப்பிடி?"

"தினம் துடைக்கிறன் அக்கா இந்தக் கண்ணாடியை. ஒரு மிளகு தந்ததில்லை."

சீதனமாகவும் மிளகு கொடுத்தார்களாம். "அப்பா இதை அறிஞ்சிருந்தால் என்னை ஒரு மூடை மிளகோடை தள்ளியிருப்பார்," என்றா மலர். சிரித்தா. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றோம்.

கோப்பைக்கு முன்னால்

ஆறு வெள்ளைக் கோப்பைகள். மிளகு, கறுவா, கராம்பு, இஞ்சி, சாதிக்காய். கடைசிக் கோப்பையில் திப்பிலி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு சின்ன அட்டை நின்றது. எனக்கு ஆங்கில எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும். சேர்த்து வாசிக்கத் துணிவில்லை. மலருக்கும் அதே நிலைதான். பார்த்து எழுதிக்கொண்டு போவது என்று பேசிக்கொண்டோம். அப்போதுதான் இரண்டு பேரிடமும் பேனை இல்லை என்று தெரிந்தது.

"நில்லுங்கோ. கீழை போய் என்ரை பையிலை இருந்து எடுத்துக்கொண்டு வாறன்," என்று மலர் போய்விட்டா.

நான் தனியே நின்றேன். கோப்பைக்குள் கிடந்தது திப்பிலி போலத்தான் இருந்தது. ஆனாலும் வேறு ஏதாவதாக இருந்து, அதன் பேரைக் கொண்டுபோய் நேர்ஸிடம் சொல்லி, யசோ சாப்பிட்டு ஏதும் நடந்தால் என்ன செய்வது? நான் டப்பியைத் திறந்து மூன்றை உள்ளங்கையில் கொட்டினேன். மற்றக் கையால் கோப்பையில் இருந்து மூன்றை எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மணந்து பார்த்தேன். ஒரே சாமான். கோப்பையில் இருந்ததில் மணம் கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்களுடைய மூன்றையும் கோப்பைக்குள் போட்டேன். என்னுடைய மூன்றையும் டப்பிக்குள் போட்டேன். மூடப் போனேன்.

"மேடம்," என்று ஒரு குரல்.

என்னைவிட வயது கூடின ஒரு வெள்ளைக்காரர். கழுத்துப்பட்டி கட்டி, சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்தார். காவல்காரர் மாதிரித் தெரியவில்லை. மெதுவாகத்தான் பேசினார். அவர் சொன்னதில் 'ப்ளீஸ்' மட்டும் விளங்கியது. ஒரு விரல் என் டப்பியைக் காட்டியது. பிறகு கோப்பையைக் காட்டியது.

நீளக் கைக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு டப்பி வெளியே வருகிறது. அதற்குள் திப்பிலி விழுகிறது. அவர் கண்டது அதுதான். அவர் இடத்தில் நான் நின்றிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இது என்னுடையது என்று சொல்ல எனக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் போதும். அந்த இரண்டு சொல்லும் எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. கள்ளி என்ற பேர் எடுத்துவிட்டேனே என்ற ஒரு நினைவுதான் தலைக்குள் நின்றது. அந்தப் பேரில் இருந்து தப்ப ஒரே ஒரு வழி தெரிந்தது.

டப்பியைக் கவிழ்த்து முழுவதையும் கோப்பைக்குள் கொட்டினேன். அடியில் ஒட்டிக்கொண்ட ஒன்றையும் தட்டி விழுத்தினேன்.

அவர், "தாங்யூ," என்றார்.

நானும், "தாங்யூ," என்றேன்.

மலரின் ஆங்கிலம்

மலர் பேனையோடு வந்தபோது நான் வெறும் டப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடந்ததைச் சொன்னேன். மலருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனக்கா குடுத்தனீங்கள்?"

"கேட்டார்."

"கேட்டால் குடுக்கிறதோ? காதிலை கிடக்கிற தோட்டைக் கேட்டாலும் கழட்டிக் குடுப்பியளோ?"

நேரே அந்த மனுசனிடம் போனா. மலரின் ஆங்கிலத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் சொல் இல்லை. நடுவில் மட்டும் இருக்கும். 'ஹேர்ஸ், ஹேர்ஸ், ஃப்ரம் ஜஃப்னா, டோட்டர் பேபி,' என்று என்னையும் டப்பியையும் கோப்பையையும் மாறி மாறிக் காட்டினா. அந்த மனுசனுக்கு மெல்ல மெல்ல விளங்கியது. அவருடைய முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். கையைக் குவித்துக் குவித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு ஓடிப்போய், அந்தக் காட்சியைப் பொறுப்பாகப் பார்க்கிற ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண் கோப்பையைத் தூக்கிப் பார்த்தா. என்னுடையது எது, அவர்களுடையது எது என்று அவவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முழுவதையும் தந்துவிடலாமே என்று அந்தக் கிழவர் கேட்டிருக்க வேண்டும். அவ கூடாது என்று தலையை ஆட்டினா. பூச்சி விழாமல் இருக்கக் கோப்பையில் இருந்ததற்கு ஏதோ மருந்து அடித்திருக்கிறார்களாம். வாயில் வைக்கக் கூடாதாம்.

நாங்கள் வந்த காரியம் மட்டும் முடிந்தது. ஒரு அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் பேரை எழுதித் தந்தா. லோங் பெப்பர். நீட்டு மிளகு. இவ்வளவு தேடின பேர் இவ்வளவு சாதாரணமாக இருந்தது.

பாம்பு காவல் காத்த மிளகு

அந்தப் பெண்ணுக்கு என்னை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லைப் போல. அதனால் கதை சொன்னா. மலர் மொழிபெயர்த்தா. எது அந்தப் பெண் சொன்னது, எது மலர் சேர்த்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"முந்தி இவையின்ரை நாட்டிலை மிளகுமரத்தைப் பாம்பு காவல் காக்குதெண்டு நம்பினவையாம். நெருப்பு வைச்சுப் பாம்பைக் கலைச்சுப்போட்டுத்தான் மிளகு புடுங்கிறதாம். அந்த நெருப்பிலை கருகித்தான் மிளகு கறுத்ததாம்."

"எந்த ஊரிலை பாம்பு?"

"எங்கடை பக்கத்திலைதானாம்."

"வெயிலிலை காயவிட்டால் கறுக்கும் எண்டு சொல்லு."

மலர் சொன்னா. அந்தப் பெண் சிரித்தா. எங்கள் கடலில் ஏறின சரக்கு அராபிக்காரர் கைக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர் கைக்கு, இன்னொரு துறைமுகத்துக்கு என்று கை மாறி மாறித்தான் அவர்களுடைய குசினிக்கு வந்து சேர்ந்ததாம். விற்றவனுக்கே அது எங்கே விளைகிறது என்று தெரியாதாம். தெரிந்தவனும் சொல்ல மாட்டானாம்.

அவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. திப்பிலி கொடியில் காய்க்கிறதா, மரத்தில் காய்க்கிறதா? எனக்குத் தெரியாது. நான் கண்டதெல்லாம் கடைக்காரரின் போத்தலைத்தான். கடைக்காரரைக் கேட்டால், இந்தியாவிலிருந்து வருகிறது என்பார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. ஒரு பாம்பு காவல் காக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால் நானும் நம்பியிருப்பேனோ என்னவோ.

பக்கத்துச் சுவரில் ஒரு படம் இருந்தது. கட்டிலில் ஒரு பெண் சாய்ந்திருக்கிறா. கீழே ஒருத்தி பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறா. இன்னொருத்தி மூடின பாத்திரம் ஒன்றைக் கட்டிலடிக்குக் கொண்டுவருகிறா. இதற்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

"அந்தச் சட்டிக்குள்ளை என்ன எண்டு கேள்," என்றேன். அன்றைக்கு நானாகக் கேட்ட முதல் கேள்வி.

படத்தை வைத்துச் சொல்ல முடியாதாம். ஆனால் அந்தக் காலத்தில் பெற்ற பெண்களுக்கு இஞ்சி, கறுவா, மிளகு எல்லாம் போட்டுச் சூடாகக் காய்ச்சிக் கொடுப்பார்களாம். சாராயமும் விடுவார்களாம்.

"அப்ப ஏன் இப்ப ஐஸ் தண்ணி குடுக்கினம்?"

மலர் கேட்டா. அந்தப் பெண் கையை விரித்தா. பிறகு இன்னொன்று சொன்னா. நீட்டு மிளகை அவர்களுடைய சனம் அடியோடு மறந்துபோனதாம். மிளகாய் வந்ததும் அதற்கொரு காரணமாம். மிளகாயைக் கடலுக்கு அப்பால் இருந்து கப்பல்காரர்தான் உலகம் முழுக்கக் கொண்டு திரிந்தார்களாம். எங்கள் பக்கத்துக்கும் அவர்கள்தான் கொண்டுவந்தார்களாம். அதற்கு முதல் எங்களிடம் மிளகாய் இல்லையாம்.

மலருக்கு இது பிடிக்கவில்லை.

"யாழ்ப்பாணத்திலை மிளகாய் இல்லையாம். இவவுக்கு ஆர் சொன்னது?"

எனக்கோ வேறு யோசனை. சரக்குக்கு மிளகாய்த்தூள் ஏன் சேராது என்று நான் ஒருநாளும் ஒருவரையும் கேட்டதில்லை. மிளகாய் வருவதற்கு முதலே சமைக்கத் தொடங்கின கறி என்பதாலா? அப்படியும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். திரும்பி வரும்போது பஸ்சில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். டப்பி வெறுமையாய்ப் போனது பாதி வழியில்தான் மறுபடி ஞாபகம் வந்தது. பொக்கற்றுக்குள் கையை விட்டு அதை ஒருமுறை குலுக்கிப் பார்த்தேன்.

"மகளுக்குச் சொல்லாதை மலர்," என்றேன்.

"நான் ஏன் சொல்லுறன்? ஆனால் என்ன செய்யப் போறியள்?"

காய்ச்சினது

திங்கட்கிழமை யசோ நேர்ஸுக்குப் போன் பண்ணினாள். நேர்ஸ் விசாரித்துவிட்டுத் திருப்பி எடுத்தார். கறிக்கு அளவாகப் போட்டால் பயம் இல்லையாம். யசோ போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"சரி அம்மா. காய்ச்சுங்கோ. சூப் குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு."

பெற்ற பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் சாப்பாடு அது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என்ன சொல்வாள்? திப்பிலி போடாவிட்டால் அது வெறும் மிளகுத் தண்ணீர் என்று நான்தானே அடித்துச் சொன்னேன். அப்படியானால் வேண்டாம், சூப்பே போதும் என்பாள். இவ்வளவு கடல் தாண்டி வந்து, பெற்ற பிள்ளைக்கு ஒரு சட்டி சரக்குக் கறி கொடுக்காமல் திரும்பிப் போவேனா?

குசினிக் கதவைச் சாத்தினேன். மற்றச் சரக்கெல்லாவற்றையும் அரைத்தேன். திப்பிலிக்குப் பதிலாக மிளகை ஒரு கரண்டி கூட்டினேன். வேர்க்கொம்பில் இன்னும் ஒரு துண்டு வைத்தேன். உறைந்த மீனை இளக்கித் துண்டு போட்டுக் காய்ச்சினேன். மணம் வந்தது. என்னுடைய மூக்குக்கு அதில் ஒரு ஓட்டை தெரிந்தது.

யசோ சோற்றோடு பிசைந்து முதல் வாயை வைத்தாள். நான் அவளைப் பார்க்காமல் பிள்ளையின் சால்வையைச் சரி செய்தேன். இரண்டாம் வாய், மூன்றாம் வாய் போனது. நெற்றியில் வேர்வை அரும்பியது.

"உந்த உறைப்புத்தானோ அந்த லோங் பெப்பர்?"

"ஓம்," என்றேன்.

"நல்லாயிருக்கு அம்மா. இன்னும் கொஞ்சம் விடுங்கோ."

துடக்குக் கழியும்வரை ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் அதே மாதிரிக் காய்ச்சினேன். உடம்பு தேறியது. பால் குறைவில்லை. நேர்ஸ் கடைசியாக வந்தபோது பிள்ளையின் நிறையைப் பார்த்து, என்னையும் பார்த்துப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். ரவி, "மாமியின்ரை கைராசி," என்று சிநேகிதர்களுக்குச் சொன்னார். நான் அறைக்குள் போய் இருந்துகொண்டேன். சந்தோசப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. திப்பிலி இல்லாமலே எல்லாம் சரி வந்தால், இவ்வளவு காலமும் அதற்கு ஏன் அவ்வளவு மரியாதை கொடுத்தோம்? அல்லது சரி வந்ததற்குக் காரணம் வேறு ஏதுமா? பேணிச் சூப்பாகவும் இருக்கலாமே.

இரண்டாம் பிள்ளைக்கு

நான் ஊருக்குத் திரும்பாமல் கனடாவிலேயே தங்கிவிட்டேன். இரண்டு மூன்று வருசம் கழித்து யசோவுக்கு அடுத்த பிள்ளை பிறந்தது. அதற்குள் ஸ்காபரோவில் கடைகள் பெருகிவிட்டன. பிளாஸ்ரிக் பையில் அடைத்த திப்பிலி, ஆங்கிலப் பெயரும் ஒட்டி, தட்டில் தொங்கியது. யசோவே வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். நான் கேட்கவில்லை.

எனக்கு ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. இந்த முறை ஒன்றையும் ஒளிக்கத் தேவையில்லை. குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே சமைத்தேன். திப்பிலியை அளவாக வறுத்து, பழைய கடனைத் தீர்க்கிறது போல இரண்டு கூடவும் போட்டு அரைத்தேன். மணம் முழுமையாக இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் சரியான சரக்குக் கறி.

யசோ ஒரு வாய் வைத்தாள். யோசித்தாள். இன்னொரு வாய் வைத்தாள்.

"குறை நினையாதேங்கோ அம்மா. மூத்தவனுக்குக் காய்ச்சின மாதிரி இது வரேல்லை."

"ஏன் பிள்ளை?"

"அது நீங்கள் ஊரிலையிருந்து கொண்டுவந்த திப்பிலி. அதின்ரை குணம் இந்தக் கடைத் திப்பிலிக்கு வராது."

நான் கறிச் சட்டியைப் பார்த்துக்கொண்டு, "ஓம் பிள்ளை," என்றேன்.

அதற்குப் பிறகும் அவள் தன் சிநேகிதிகளுக்கு அந்த ஊர்த் திப்பிலியைப் பற்றிச் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்து, விட்டுவிட்டேன். எழுதுவது எனக்குப் பேசுவதைவிடச் சுகம். இந்தப் பத்திரிகை அவளுடைய வீட்டுக்கும் போகிறது. நான் எழுதுவதை முதல் ஆளாக வாசிப்பவளும் அவள்தான்.

நீ அன்றைக்குச் சாப்பிட்டதில் திப்பிலி இல்லை, பிள்ளை. மிச்சம் இருந்த நாட்களில் ஒரு நாளும் இருக்கவில்லை.